விலாசம் பார்க்காத கணக்கு

விழுப்புரம்,
12-2-86.

அன்புள்ள தேவநாதன் மாமாவுக்கு,

தாண்டவராயன் எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. அக்கா நலமாக இல்லை. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஊருக்கு வரும் நர்ஸம்மா ரத்தக் கொதிப்பைப் பார்த்துவிட்டு, இது வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை, மாசி பத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துவர உங்கள் ஊருக்குப் போனேன். உங்கள் அம்மா மல்லாட்டை உரித்து வேர்க்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டவுனுக்குப் போனா சாவு ஜாஸ்தின்னு பொங்கலுக்கு வந்து குந்திக்கினு சொன்னவன் யாரு? இப்ப அங்கியே இட்டுக்கினு போறேன்னு வந்து நிக்கிற. படிச்ச புள்ள, ஒரு வாயா பேசு" என்றார்கள். நீங்கள் பூனாவிலிருந்து எழுதிய இன்லண்ட் லெட்டரையும் எடுத்து நீட்டினார்கள். டவுன் வேண்டாம், மருத்துவச்சி பாஞ்சாலியை வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாண்டவராயனே சொல்லியிருக்கிறான் என்று கீழே ஒரு வரி வேறு.

நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆயிரம் பேருக்குக் கிராமத்தில் இத்தனை சாவு, திண்டிவனத்தில் அதைவிட அதிகம், விழுப்புரத்தில் இன்னும் அதிகம், மெட்ராஸில் கேட்கவே வேண்டாம் என்று சுவரில் கரியால் கோடு போட்டுக் காட்டினேன். ஊர் பெருக்கப் பெருக்க ஆயுசு குறைகிறது என்றேன். லீவில் வந்திருந்த நீங்கள், அத்தை, எல்லாரும் சாப்பாட்டை மறந்து கேட்டீர்கள். ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்துவிட்டுப் பிறப்பு இறப்பு எழுதும் செக்ஷனில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படி ஒரு கூட்டம் கிடைப்பது அபூர்வம். பேசிவிட்டேன்.

போன மாதம் கடைசியில் ஓர் ஆள் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றான். பெயர் கிருஷ்ணசாமி, மயிலம் பக்கம். பெண்டாட்டியின் சாவைப் பதிய வந்தவன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, பிரசவம். வலி எடுத்து மூன்றாம் நாள் மாட்டு வண்டியில் திண்டிவனம் கொண்டுபோய், அங்கே முடியாது என்று இங்கே அனுப்பி, வந்த ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏன்யா இவ்வளவு லேட்டாக வந்தாய் என்று நான் கத்திவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வர்றதில்லன்னு எல்லாரும் சொன்னாங்க சார். அதான் பாத்துக்கினே இருந்துட்டோம்" என்றான்.

அவன் போன பிறகு ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். யார் எங்கே சாகிறார்களோ அந்த ஊர்ப் புத்தகத்தில்தான் எழுதுவோம், அதுதான் விதி. ஜனவரியில் நாற்பத்தொரு சாவு. விலாசத்தைப் பார்த்தால் பதினேழுதான் டவுன் ஆட்கள். மீதி இருபத்துநாலும் வெளியூர். தாமதமாக வந்தவர்கள், வேறு வழியில்லாமல் வந்தவர்கள். கிராமத்தால் ஆகாதது திண்டிவனத்துக்கு, அங்கே ஆகாதது இங்கே, இங்கே ஆகாதது மெட்ராஸுக்கு. அத்தனை சாவையும் இந்த டவுன் ஜனத்தொகையால் வகுத்துவிட்டு, டவுன் கொல்கிறது என்று உங்கள் வீட்டுச் சுவரில் கோடு போட்டேன். விலாசம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது மாமா. எழுதினேன், படிக்கவில்லை.

டவுன் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. என் ரூம் வாசலிலேயே சாக்கடை தேங்கி நிற்கிறது, கொசு பிடுங்குகிறது, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்துப் போன வருஷம் பத்து நாள் படுத்தேன். டவுனுக்கென்று வியாதி உண்டு. ஆனால் அக்காவுக்கு இருப்பது அது இல்லை. அவளுக்கு வேண்டியது டாக்டரும் ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும். அவை உங்கள் ஊரில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உங்கள் ஊர் இறப்புப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். போன இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒன்பது சாவு எழுதியிருக்கிறது. தெருத் தெருவாகப் போய் விசாரித்தேன். இருபத்தாறு பேரைச் சொன்னார்கள். கைக்குழந்தைகளைக் கேட்டால், "அதெல்லாமா எழுதுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அக்காவின் முதல் குழந்தை மூன்று நாள் இருந்தது. அது பிறந்ததையும் யாரும் எழுதவில்லை, போனதையும் எழுதவில்லை. கிராமத்தில் சாவு குறைவு என்று நான் சொன்னேனே, அந்தக் குறைவில் உங்கள் குழந்தையும் சேர்த்தி.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகச் சொல்லவில்லை, கத்தினேன், அதுவும் என் தப்பு. "பொங்கலுக்கு ஒரு கணக்கு, மாசிக்கு ஒரு கணக்கா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதல் பிரசவத்தில் அக்கா பக்கத்திலேயே இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள். பயந்து போயிருக்கிறார்கள், பயத்துக்குக் காரணம் தந்தவன் நான். அக்காவும் என்னோடு கிளம்பவில்லை. அத்தையை மீறிப் போய் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன், உங்க மாமா சொல்லட்டும் என்கிறாள்.

எனக்குச் சலித்துப்போய்விட்டது மாமா. காலையில் ஆபீஸ் போனதும் ஒன்றிரண்டு பேராவது நிற்கிறார்கள். பெயர், வயது, காரணம் என்று கேட்டு எழுதுகிறேன். இன்னும் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று யாராவது ஒருவர் சொல்லாமல் போவதில்லை.

இவ்வளவையும் தந்தியில் சொல்ல முடியாது என்றுதான் கடிதம் எழுதுகிறேன், இது உங்கள் கைக்கு வர நாலு நாள் ஆகும். படித்தவுடன் அக்காவை என்னோடு அனுப்பச் சொல்லி அத்தைக்குத் தந்தி அடியுங்கள். நேரே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன், கூட அத்தையும் வரட்டும், என் ரூமைக் காலி செய்து தருகிறேன். அவர்கள் சொன்ன சொல்லிலிருந்து இறங்கிவர ஒரு காரணம் வேண்டும். அந்தப் பயல் தாண்டவராயனுக்குக் கணக்குத் தெரியாது, அவன் சொன்னதை நம்பாதே என்றே அடியுங்கள். போஸ்ட்மேன் தெருவில் சத்தமாகப் படிக்கட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்றைக்கே அடித்துவிடுங்கள் மாமா.

உங்கள் மைத்துனன்,
தாண்டவராயன்.