நண்டு ஓட்டு மருந்து

அன்புள்ள பாய்,

“இன்னா வாத்தியாரே, மார்க்கத்துல ஆகாதுன்னு வாயில வெக்காத நண்டை வயித்துல வெச்சுக்கச் சொல்றீங்களா?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் ஆம்பூர் பஸ் பிடிக்கப் போய்விட்டீர்கள். ஊசி போட்டதிலிருந்து நாலு வரி எழுதினாலே கை ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் தாமதம்.

நம் இருவர் வயிற்றிலும் இருக்கும் கட்டியை உடம்பின் காவல் அணுக்கள் கண்டுகொள்வதில்லையாம். அவற்றை உசுப்பும் மருந்தைத் தனியாகப் போட்டால் ரத்தத்தோடு ஓடிவிடுகிறது. எறும்பை வரவழைக்கச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் வழிந்துபோகும். வெல்லக்கட்டியாக வைத்தால் தேடி வரும் அல்லவா? நண்டு ஓட்டிலிருந்து எடுத்த கூழ், மருந்தைக் கட்டிக்கு அருகிலேயே பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

குணமாகுமா என்று கேட்காதீர்கள். இது சோதனை மருந்து, டாக்டர்களுக்கே தெரியாது. எனக்கு இதுவரை தெரிந்தது அசதி மட்டும்தான்.

நேற்று உங்கள் வீட்டம்மா ஹலீமா பீ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். “எங்க வீட்டுக்காரருக்கு மருந்தே இல்லன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாராமே சார்?” என்றார். நீங்கள் வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருப்பதை உடைக்காமல் நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மருந்துக்காகப் பக்கத்துக் கட்டிலைச் சனிக்கிழமை வரை உங்களுக்கென்று வைத்திருக்கிறார்கள். ஆகுமா ஆகாதா என்பதை நான் சொல்ல முடியாது. நீங்களும் தனியாகத் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், நண்டு என்பதையும் நோய் என்னவென்பதையும் மறைக்காமல், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியார்