சாட்சிக் கையெழுத்து

மரக்காணம்
23-6-1974

அன்புள்ள கஸ்பார் தம்பிக்கு,

இன்னாசியம்மாள் எழுதுவது. சுகமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டோ இல்லையோ, கேட்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். பிலாய்க்கு நான் போடும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் கிடைக்கவில்லையோ, கிடைத்தும் கிழித்துப் போட்டாயோ தெரியவில்லை. இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். காலைப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன், வெயில் ஏறிவிட்டது, இன்னும் இவ்வளவுதான் ஆகியிருக்கிறது.

உன் அப்பா போய் நேற்றோடு ஐம்பத்தெட்டு நாள். ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வியாழக்கிழமை. அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். நெஞ்சு அடைக்குது என்று வரப்பில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோவதற்குள் சாய்ந்துவிட்டார். கஸ்பாருக்குத் தந்தி அடி என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. தந்தி அடித்த ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் பெட்டியை மூட விடவில்லை நான். புதுச்சேரி பஸ் வரும்போதெல்லாம் எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். பங்குச் சாமியார்தான், வெயில் காலம், இனி வைக்கக் கூடாதும்மா என்று சொல்லி மூடச் சொன்னார்.

நீ வரவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. தந்தி உன் கைக்கு வந்ததா, அதை மட்டும் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு உயில் எழுதினார். கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு நம் வீட்டில் வைத்துத்தான் எழுதினார். ஒன்றரை ஏக்கர் அளத்தையும் வீட்டையும் என் பேருக்கு எழுதினார். உபதேசியார் ஒரு சாட்சி. நீயும் போடு என்று அப்பா என்னிடம் பேனாவைக் கொடுத்தார். நம் ஊரில் எந்தப் பத்திரம் எழுதினாலும் வீட்டுப் பெண்டுகளும் சாட்சி போடுவதுதானே வழக்கம்? எனக்குத் தெரியாது என்று நாளைக்கு யாரும் நிற்கக் கூடாது என்பதற்காக. அதுவரைக்கும் நான் பெருவிரல்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மழையில் வேலை இல்லாதபோதுதான் அப்பா எனக்குப் பேர் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார், மற்ற எழுத்தெல்லாம் அதற்கப்புறம்தான். என் பேரில் வரும் னா எழுத்தின் சுழி எனக்கு வரவே வராது. அந்த எழுத்துக்கு மட்டும் என் கைமேல் அவர் கையை வைத்துச் சுழித்தார். உபதேசியார்கூட, ஏம்பா அமிர்தசாமி, பொண்டாட்டியைக் கலெக்டர் ஆக்கப் போறியா என்று சிரித்தார்.

அந்தக் கையெழுத்துதான் இன்றைக்கு என்னை அழித்துவிட்டது தம்பி.

திண்டிவனம் வக்கீலிடம் உயிலை எடுத்துப் போனேன். நம் கிறிஸ்தவர்களுக்கு உயிலைக் கடலூர் ஜில்லா கோர்ட்டில் காட்டி உத்தரவு வாங்கினால்தான் செல்லுமாம். அதற்குத்தான் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு தரம் படித்தார். அடியில் என் பேரைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். ஏம்மா, உனக்கு எழுதின உயில்ல நீயே சாட்சி போட்டிருக்கியே, உங்க சட்டத்துல சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்லேர்ந்து ஒண்ணும் சேராதே என்றார். நான் ஏமாத்தறதுக்குப் போடலீங்க, அவரு போடச் சொன்னாருங்க என்றேன். கோர்ட்டுக்கு அது தெரியாதும்மா என்றார். இனி உயில் எழுதாமல் செத்தவர் சொத்து மாதிரிதானாம். மூன்றில் ஒன்று எனக்கு, இரண்டு உனக்கு.

வெளியே வந்ததும் பத்திரம் எழுதுகிற கலியன் பின்னாலேயே வந்தான். அடியில இருக்கிற உன் பேரை ஒட்டக் கத்தரிச்சிட்டு வேற ஆளைச் சாட்சி போடச் சொல்றேன், உபதேசியார் வாயை மூடிக்கிட்டாப் போதும் என்றான். நான் உயிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கையெழுத்தைத்தானே வெட்டச் சொன்னேன், கையையே வெட்டச் சொன்ன மாதிரி முழிக்கிறியே என்றான். அவனுக்கு என்ன தெரியும்? அந்தச் சுழியில் உன் அப்பா கை இருக்கிறது. அதோடு, உபதேசியாரை வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துப் பொய் சொல்லச் சொல்லி நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? உயிலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உனக்கு இரண்டு பங்கு என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நீ பிள்ளை. ஆனால் போன வாரம் உன் மாமா மரியதாஸ் வந்தார். கூட உப்பு வியாபாரியின் ஆட்கள் நாலு பேர். அளத்துக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை மடியில் போட்டுக்கொண்டார். நீ அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். உன் பங்கை வியாபாரிக்கு விற்கிறாராம், வீட்டோடு. என் பங்காக, மேற்கே இருக்கும் மேட்டைத் தருகிறாராம். அந்த மேட்டில் தண்ணீர் ஏறாது, உப்பு விளையாது என்று உனக்குத் தெரியும். நான் எங்கே போவேன் என்று அழுதேன். எங்க அக்கா படத்தைக் கழட்டினவதானே நீ, இப்ப நீ கழண்டுக்கோ என்றார். தெருவே நின்று கேட்டது.

அவர் சொன்னது நிஜம்தான் தம்பி. பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், உன் அம்மா படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டேன். அந்தப் படம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயசு, புத்தி இல்லை. நீ வந்து வெறும் ஆணியைப் பார்த்தாய். அடுத்த வருஷம் வீட்டை விட்டே போனாய். அப்பா என்னை ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். இப்போது அந்தப் படம் அதே ஆணியில் இருக்கிறது. பக்கத்தில் அப்பா படம்.

மாமா காட்டிய பவர் பத்திரத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அதில் ஏப்ரல் 3 என்று தேதி போட்டிருக்கிறது. அப்பா செத்தது 25. அப்பா அளத்தில் நின்று உப்பு வாரிக்கொண்டிருக்கும்போதே அவர் சொத்தை விற்க நீ கையெழுத்துப் போட்டாயா தம்பி? நீ அப்படிப்பட்டவன் இல்லை. மாசி மாதம் மாமா பிலாய்க்கு வந்துபோனாராமே, அப்போது வேறு எதற்கோ என்று சொல்லி வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டாரா? என்னைப் போலவே நீயும் தெரியாமல் போட்டாயா?

மாமா உன்னிடம், அப்பா உனக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லியிருப்பார். உயிலில் கடைசியாக இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "என் மகன் கஸ்பார் திரும்பி வந்தால் அவனுக்கு உள்ளதை என் மனைவி குறைக்காமல் கொடுப்பாள். அது எனக்குத் தெரியும்." கோர்ட்டில் இந்த உயில் எனக்குச் செல்லாமல் போகட்டும். இந்த வரி எனக்குச் செல்லும்.

ஜூலை 15, திங்கட்கிழமை பத்திரம் பதிவு. அதற்கு முன்னால் நீ வந்து அந்தப் பவரை ரத்து செய்தால் தடுக்கலாம் என்று வக்கீல் சொன்னார். வர முடியாவிட்டால் அங்கேயே ஒரு வக்கீலை வைத்து ரத்து எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பலாமாம். பதிவாகிவிட்டால் கேஸ் நடத்தி நான் கிழவியாகிவிடுவேன். அளம் உன் பேரில் இருக்கட்டும், நான் கூலிக்காரியாக வாருகிறேன். வீடும் உன் பேரில் இருக்கட்டும், ஒரு மூலை போதும். விற்றுவிடாதே, அவ்வளவுதான். திண்டிவனம் வக்கீல் விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஸ்டாம்பு ஒட்டி என் விலாசம் எழுதிய கவரும் உள்ளே வைத்திருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் கவரையாவது போடு. நீ படித்தாய் என்று தெரிந்துகொள்வேன்.

நீ எனக்கு எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் என்ன முறை போட்டு முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரும்பு ஆலையில் நெருப்புப் பக்கம் வேலை என்கிறார்கள், பார்த்து நில். நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போடுகிறேன். சுழி கோணலாக வந்தால் சிரிக்காதே. இந்த முறை என் கைமேல் யார் கையும் இல்லை.

இன்னாசியம்மாள்