விட்டுப்போன ஒரு 'ப்'

எதிர் மேசை நண்பனுக்கு,

அச்சுக்கு வரும் பிரதிகளை நீ வெளியே விற்கிறாய் என்று முதலாளிக்கு மொட்டைக் கடிதம் போட்டவன் நான்தான். தலைமைத் திருத்துநர் நாற்காலி உனக்குப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன்.

அன்று என் மேசையில் இருந்தது வேதாகமக் கதைகள். அடுத்தவனுக்கு நட்ட தூக்குமரத்தில் மந்திரி தானே தொங்கிய பக்கத்தைப் படித்து, 'பிழையில்லை' என்று ஒப்பமிட்டுவிட்டுத்தான் அதை எழுத உட்கார்ந்தேன்.

இன்று முதலாளி கூப்பிட்டு அந்தக் கடிதத்தை நீட்டினார். 'எடுத்து போனான்' என்று எழுதிவிட்டு, நானே செருகல் குறி போட்டு 'ப்' சேர்த்திருக்கிறேன்!

"மொட்டைக் கடுதாசிக்கு யாருய்யா புரூஃப் பாப்பாங்க? இங்க திருத்துறவங்க ரெண்டே பேரு. அவரு தன் மேலயே எழுதிக்குவாரா?"

என் சீட்டு கிழிந்தது. ஒரு வாரமாக வீட்டில் உட்கார வைத்த உன்னை நாளை கூப்பிடுவார், போ. நாற்காலி உனக்குத்தான்.

இதை நான் மறுபடி படித்துப் பார்க்கவில்லை. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

இம்முறை வலது கையால்,
உன் எதிர் மேசைக்காரன்