கழியைத் தாண்ட வேண்டிய அரிசி

பெருமழையில் சென்னை மூழ்கி, செங்கல்பட்டில் ரயில் நின்றுபோய், நம்மூர் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று ஆம்பளைகள் எல்லோரும் மணல் மூட்டை சுமந்தோமே, அதற்கு அடுத்து வந்த பொங்கல் அது. இன்று காலை புது அரிசிக் கோணியை அவிழ்த்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், கழிக்கரையில் நாம் இரண்டு பேரும் மூட்டையோடு நின்ற நிற்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

உன் அக்காவைக் கொடுத்த இடம் அப்படி. மாமல்லபுரம் தாண்டி பாண்டிச்சேரி ரோட்டில் தெற்கே போய் இறங்கி, உப்புத் தண்ணீர்க் கழியைப் படகில் கடக்க வேண்டும். அதற்குள் ஒரு மணல் தீவு. சவுக்கும் வேர்க்கடலையும் வைத்துப் பிழைக்கிற சில குடும்பங்கள். வருஷம் தவறாமல் பொங்கலுக்குத் தாய்வீட்டு வரிசை கொண்டுபோவாய். உன் வயலின் புது அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, முழுப் பூசணி, ஒரு புடவை. எனக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. “உனுக்கு இங்க இன்னா வேல? கெளம்பு” என்று என்னையும் இழுத்துப்போவாய். பூசணி என் பங்கு.

அந்த வருஷம் பாண்டிச்சேரி பஸ்ஸில் கண்டக்டர் உன்னைப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார இடமில்லாமல் பூசணியை உன் மடியில் வைத்திருந்தேன்.

“யோவ், அத்த கீழ வையி. கொழந்தையா அது, மடில வெச்சிகினு கீற?”

“எங்க அக்கா வூட்டுக்குப் போவுதுய்யா. கால்ல படக்கூடாது.”

“அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடு.”

பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. வரிசை விஷயத்தில் உனக்கு விளையாட்டு ஆகாது. காரணம் இருந்தது. உன் அக்கா வீட்டில் பொங்கல் பானையில் முதல் பிடி அரிசி தாய்வீட்டு அரிசியாகத்தான் விழ வேண்டும். அது வந்து சேராமல் அவள் அடுப்பு மூட்டமாட்டாள்.

நாம் செய்த தப்பு ஏரிப் பாசனத்துக்காரர்கள் மட்டும் செய்யக்கூடியது. மழை பெய்தால் ஏரி நிரம்பும், நிரம்பினால் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “இவ்ளோ மழ பேஞ்சிகீது, இந்த வருஷம் படகு சும்மா மெதந்துகினு போவும் பாரு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். பொங்கலன்று விடியற்காலையில் துறைக்குப் போய்ப் பார்த்தால் வெறும் சேறு. படகு ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து மஸ்தான் பாய் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துறையில் படகு விட்டவர் அவர்தான்.

“வெள்ளம் முகத்துவாரத்த ஒடச்சிகினு போய்ட்ச்சு அண்ணாத்த. இப்ப கடல் உள்ள வந்தா தண்ணி, வெளிய போனா சேறு. இது இன்னா உங்க ஊரு ஏரியா, மதகு சாத்தி வெக்கறதுக்கு?”

எதிர்க்கரை தூரமில்லை. ஆள் தெரியும், முகம் தெரியாது. உன் அக்கா வாசலில் கோலம் போட்டு, மஞ்சள் கட்டின பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூட்டாத அடுப்புக்கு முன்னால் நின்றாள். மற்ற வீடுகளில் புகை ஏறிவிட்டது. ‘பொங்கலோ பொங்கல்’ சத்தம் காற்றில் வந்தது. அவளுடைய மாமியார் கையை ஆட்டி ஆட்டி என்னமோ திட்டுவது தெரிந்தது. உன் மாமா வந்து கரையோரம் நின்று, நம்மைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

“அக்கா, வூட்ல கீற அரிசிய போட்டு பொங்கிடு!” என்று தொண்டை கிழியக் கத்தினாய்.

“போடா!” என்று ஒரு வார்த்தை திரும்பி வந்தது.

உடனே நீ வேட்டியை மடித்துக் கட்டி, மூட்டையைத் தலையில் வைத்துச் சேற்றில் இறங்கிவிட்டாய். தொடை வரைக்கும் உள்ளே போனாய். செருப்பு போனது போனதுதான். மஸ்தான் பாய் வந்து உன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “ஆளும் போவும், அரிசியும் போவும். குந்து அண்ணாத்த” என்றார். குந்தினாய். அவர் வீட்டிலிருந்து டீ வந்தது. நீ தொடவில்லை. அக்கா பட்டினி என்று நீயும் பட்டினி. நான் குடித்தேன், உன்னுடையதையும் சேர்த்து.

வெயில் இறங்குகிற நேரத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. சாய்ந்த படகு தானாக நிமிர்ந்தது. அக்கரையில் நாம் இறங்கியபோது உன் அக்கா அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. உன் சேற்றுக் காலைப் பார்த்தாள். “இன்னாடா, ஏரின்னு நெனச்சிகினு வந்தியா?” என்றாள். மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டாள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வீட்டில் மட்டும் பொங்கல் பொங்கியது. அன்றிலிருந்து நாம் எப்போது போன் பண்ணினாலும் அவள் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: “தண்ணி பாத்து வா.”

இந்த ஐப்பசியில் நீ போய்விட்டாய். சாவு விழுந்த வீடு, ஒரு வருஷத்துக்கு உன் வீட்டில் பண்டிகை கிடையாது. உன் மூத்த மகன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து என்னிடம் சொன்னான்: “பெரியப்பா, பொங்கலே இல்லாத வூட்லேந்து வரிசை எப்டிப் போவும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அவன் சொன்னதில் தப்பில்லை, வழக்கம் அப்படித்தான். பொத்தேரியில் டிபன் கடை வைத்திருக்கிற இளையவனுக்கு மனசு கேட்கவில்லை. அத்தைக்குப் புடவை மட்டுமாவது போகட்டும் என்று போனிலேயே ஆர்டர் போட்டான். டெலிவரிப் பையன் துறை வரைக்கும் போய்விட்டு, “அண்ணா, லொகேஷன் தண்ணிக்குள்ள காட்டுது” என்று சொல்லித் திரும்பிவிட்டான். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் இதைச் சொல்லியே சிரித்திருப்பாய்.

போன வாரம் உன் அக்காவே போன் பண்ணினாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, “பான மேல பரண்ல கீது. இந்த வருஷம் எறக்கல” என்றாள். இந்த வருஷம் இறக்காத பானையை, இந்த வயசில், அடுத்த வருஷம் யார் இறக்குவார்கள்? தாய்வீடு முடிந்துபோனது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

உனக்கு ஒரு சேதி. நீ நட்டுவிட்டுப் போன வயலை நான்தான் பார்த்துக்கொண்டேன். என் வயலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வரப்புதானே. அறுத்து, தனியாக அடித்து, தனியாக அரைத்து வைத்திருக்கிறேன். என் நெல்லோடு கலக்கவிடவில்லை. அக்கா பேசின மறுநாள் மருமகளை அவளுக்குப் போன் போடச் சொன்னேன்.

“அக்கா, அவன் வயல்ல வெளஞ்ச அரிசி என் வூட்ல கீது. என் வூட்ல சாவு இல்ல. நான் கொண்டாந்தா தப்பா?”

போனில் தீவுக் காற்று இரைந்தது.

“துக்கம் வூட்டுக்குத்தான? நெல்லுக்கு இன்னா துக்கம்?” என்றாள். பிறகு, “தண்ணி பாத்து வா” என்று வைத்துவிட்டாள்.

அதனால் கிளம்புகிறேன். இப்போது படகு விடுவது மஸ்தான் பாயின் மகன். இன்ஜின் படகு, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு ஆரஞ்சு கலர் சட்டையெல்லாம் மாட்டிவிடுகிறான். அவனிடம் கேட்டுவிட்டேன். “முகத்துவாரம் தொறந்துதான் கீது பெரியவரே. பொங்கலன்னிக்கிக் காலைல நம்பாதீங்க, போகி சாயங்காலமே வந்துடுங்க” என்றான். உன் இளையவன் பைக்கில் துறை வரைக்கும் கொண்டுவந்து விடுவான். துக்க வீட்டுக்காரன் வரிசையோடு வாசல் ஏறக்கூடாதென்று இக்கரையிலேயே நின்றுகொள்வானாம். திரும்பிப் போன புடவையை அவனே போய் எடுத்து வந்துவிட்டான். பூசணி இந்தத் தடவை சின்னதுதான். என் முட்டி கேட்கவில்லை, நீ திட்டினாலும் பரவாயில்லை. அரிசி மட்டும் உன் அளவு குறையவில்லை. அதை யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.

அன்று இரண்டு கரையிலும் நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். மஸ்தான் பாய் போய்விட்டார். திட்டின மாமியார்க் கிழவி போய்விட்டாள். கையை விரித்த உன் மாமா சவுக்குத் தோப்பிலேயே போய்ச் சேர்ந்தார். நீயும் போய்விட்டாய். படகு அக்கரையை நெருங்கும்போது, பானையை இறக்கி வைத்துவிட்டு எனக்காக வந்து நிற்க இன்னும் இருப்பது ஒருத்திதான். அஞ்சலை அக்கா.