நாற்பது மடங்குப் பிறை

பெப்ரவரி 26

மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்து ரயிலைப் பார்த்தேன். வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய ரயில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடியது. கடல் மேலே. குழாயின் அடியிலுள்ள குழிந்த ஆடி ஒளியைத் திரட்டுகிறது. கதிர்கள் குவிந்து, ஒன்றையொன்று கடக்கும்போது உலகம் கவிழ்ந்துவிடுகிறது. ஆடியின் குவியத்தூரம் ஆயிரம் மில்லிமீற்றர், கண்வில்லையினது இருபத்தைந்து. வகுத்தால் நாற்பது மடங்கு. பௌதிகவியல் படித்தவனுக்கு இது பெருமைப்படுகிற கணக்கு இல்லை. பெருமைப்பட்டேன்.

நாலாம் மாடி ராசிக் நானா மேலே வந்தார். "தம்பி, இதால நோன்புப் பிறை பாக்கேலுமா?"

"வடிவாப் பாக்கலாம் நானா."

பெப்ரவரி 28

மேற்கே மெல்லிய மேகம். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாயை மெல்ல அசைத்துத் தேடினேன். வில்லையின் நடுவில் — பிறை. வெட்டிய நகத்துண்டு போல, அவ்வளவு கூர்மையாக.

ராசிக் நானா குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. உடனே பள்ளிவாசலுக்குத் தொலைபேசி எடுத்தார். "யாரெண்டா? நான்தான், ராசிக். குழாயாலதான், ஆனா என்ட கண்." என்னைப் பார்த்துக் கையசைத்தார். உன் பெயர் வேண்டாம், முஸ்லிம் இல்லாதவன் சாட்சி எடுபடாது, வீண் அலைச்சல் என்று.

இரவு: வேறெங்கும் பிறை தென்படவில்லையாம். அவருடைய சாட்சியை ஏற்கவில்லை. நாளைக்கு நோன்பு இல்லை.

மார்ச் 1

ராசிக் நானா மட்டும் இன்று நோன்பு. "ஊர் ஏத்துக்கொள்ளாட்டியும் கண்டவன் புடிக்கணும் தம்பி."

மாலையில் வானம் துப்புரவு. பிறை எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு மேலே பளீரென்று வெள்ளிக் கோள்.

குழாயைப் பிறைக்குத் திருப்பினேன். பெரிது. மிகப் பெரிது. பள்ளங்கள்கூடத் தெரிந்தன. நேற்றுப் பார்த்தது இதுவல்ல. வெள்ளிக்குத் திருப்பினேன். அதே நகத்துண்டு.

வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையில் வரும்போது நிலவைப் போலவே தேயும். நாற்பது மடங்கு பெருப்பித்தால், வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நிலவளவுக்கு வரும். நிலவை நாற்பது மடங்கு பெருப்பித்தால் எவ்வளவு வரும்? நேற்று அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

"பாரு, என்னா தடிப்பு. இது ரெண்டாம் பிறைதானே தம்பி?"

"ஓம் நானா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 4

லிஃப்டில் மூன்றாம் மாடி ஸவாஹிர்: "ராசிக், ஒனக்கெண்டு தனியா ஒரு நிலா வாங்கி வெச்சிருக்கியாம்?"

"கண்டதத்தான் செல்லினேன்."

"ஓமோம். நல்லாப் புளுகு."

நானும் லிஃப்டில்தான் நின்றேன். மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 7

ராசிக் நானாவின் மனைவி மர்லியா அக்கா இன்றும் நோன்புக் கஞ்சி அனுப்பினார். "ஆறப்போகுது, குடி கஜீவன்" என்றார் அம்மா. கிண்ணத்தை மூடி வைத்தேன்.

அவர் ஊரைவிட ஒரு நாள் முன்னால் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கு முப்பது முடியும்போது ஊருக்கு இன்னும் ஒரு நோன்பு மிச்சம் இருக்கலாம். அன்று அவர் சாப்பிட்டால் — அது என் கணக்கு.

மார்ச் 9

சொல்லவில்லை.

மார்ச் 10

வெள்ளி ஒவ்வொரு மாலையும் கீழே இறங்குகிறது. சில நாட்களில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இராது. அப்படிப் போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்: நினைத்தேன்.

மார்ச் 12

நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்தவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். வெள்ளி கடலுக்குச் சற்று மேலே. முன்பைவிட மெலிந்திருந்தது.

"பாருங்கோ நானா."

குனிந்தார். "இதுதான். அண்டைக்கும் இதத்தான் கண்டேன்."

"இப்ப பின்னுக்குத் திரும்பிப் பாருங்கோ."

கிழக்கே, காலி வீதிக்கு அப்பால், நிலா. நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. ஏறக்குறைய முழு வட்டம்.

வில்லைக்குள் பார்த்தார். மறுபடி கிழக்கே பார்த்தார்.

"அப்ப நான் பொய் செல்லல்ல."

"இல்லை. நான்தான் பிழையாக் காட்டினனான். அது வெள்ளி. நீங்களும் ஊரோட சேர்த்தே எண்ணுங்கோ."

"ஒரு நோன்பு கூடினா நட்டமில்ல." படிப்பக்கம் நடந்தவர் நின்று கேட்டார்: "ஒனக்கு எப்ப தெரியும்?"

"அடுத்த நாளே."

லிஃப்டுக்கு நிற்காமல் படியால் இறங்கிப்போனார்.

மார்ச் 13

கஞ்சி வரவில்லை. அம்மா ஏனென்று கேட்டார். சொன்னேன்.

"வெக்கமில்லையோ உனக்கு?"

இருந்தது அம்மா. அதனால்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை. — இதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 30

மாலை கதவு தட்டும் சத்தம். ராசிக் நானா. "பெருநாள் பிறை பாக்கப் போறம். குழாய் வேணாம். கண்ண மட்டும் கொண்டு வா."

மாடியில் ஸவாஹிரும் நின்றார். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான்தான் முதலில் கண்டேன். கடலுக்கு மேலே, மெல்லியதாய். காட்டுவதற்குக் கை எழவில்லை. ராசிக் நானா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் பார்த்த திசையைப் பார்த்தார்.

பள்ளிவாசலுக்குத் தொலைபேசி எடுத்தார். "யார் கண்டதெண்டா? மொதல்ல கண்டது கஜீவன். அஞ்சாம் மாடி."

"ஓய், அவன்ட சாட்சிய எடுக்க மாட்டாங்க" என்றார் ஸவாஹிர்.

"தெரியும்" என்றார் ராசிக் நானா, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே. "அவனுக்குப் பொறகு நான். அப்பிடியே எழுதுங்க."