பந்தைக் கண்டவர்

4 அக்டோபர் 2025, சனிக்கிழமை

டி.வி.யில் கால்பந்தாட்டம் மாலை 5.30-க்கு. நேசமணி 5.10-க்கே வந்துவிட்டார். அவர் மனைவி ராஜமணி அம்மாள் ஆட்டோவிலிருந்து இறக்கி, அவர் கையை என் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். கண் அழுத்த நோய். சென்ற டிசம்பர் வரை நேர் எதிரே இருப்பது தெரிந்தது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டுமே தெரிகிறது.

ஆகவே ஆட்டத்தை நான் சொல்கிறேன், அவர் கேட்கிறார். முப்பத்தோராண்டு அரசு பஸ் ஓட்டியவர். ஊழியர் அணியின் கோல்கீப்பரும், அவர் சொல்லில் 'கோலி', அவரே. அதனால் மைதானத்தை அவர் ஓட்டிய பஸ் வழித்தடமாகப் பிரித்துக்கொண்டோம். நம் அணியின் கோல் கிழக்கேகோட்டை, நம் பாதியில் ஓவர்பிரிட்ஜ், நடுக்கோடு ஸ்டாச்சு, எதிரணிப் பாதியில் பாளையம், எதிரணியின் கோல் பட்டம். 'ஓவர்பிரிட்ஜில் பறித்தான், பாளையம் தாண்டிவிட்டான்' என்று சொன்னால் போதும், அவர் நாற்காலியில் நிமிர்ந்துவிடுவார்.

0–2. தோல்வி. இறுதி விசில் ஊதி முப்பத்தெட்டு விநாடி ஆகியிருந்தது. நம் கோல்கீப்பர் சுஜித் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். அவன் வாய்க்குக் கீழே ஒரு மைக் நீண்டது. இரண்டாவது கோல் விழுந்தபோது மனதில் என்ன தோன்றியது என்று கேட்டார்கள். வாயைத் திறந்தான், மூடினான். காமெரா அவன் கண்ணுக்கு இன்னும் நெருங்கிப் போயிற்று.

"அத அணையும் வேய்," என்றார் நேசமணி. "எங்க டீம்ல ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடிஞ்சா வண்டி கரமனைப் பாலம் தாண்டுறது வரைக்கும் கோலிகிட்ட ஒருத்தனும் பேசப்படாது. கோலிதான் முதல்ல வாய் திறக்கணும்."

அணைத்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

ஆட்டக் குறிப்பேட்டில் நேற்றைய கோல்களைப் பதிந்தேன். 14 ஜனவரி 1973 முதல் நான்கு கட்டங்கள்: நிமிடம், ஆள், எப்படி, கண்டவர். நான்காவதில் ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக என் கையொப்பம் மட்டுமே. வானிலை அலுவலகத்தில் கற்ற பழக்கம் இது. நேரில் காணாத மழையை நான் எழுதியதில்லை.

6 அக்டோபர், திங்கள்

தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம். பதினோரு குறைகளை வரிசை எண்ணிட்டு எழுதினேன். பந்து ஓடிக்கொண்டிருக்கையில் திரையைச் சுருக்கி விளம்பரம் வைப்பது (எண் 3). வெளியே உட்காரவைத்த ஆட்டக்காரரிடம் ஆட்டத்தின் நடுவே பேட்டி எடுப்பது (எண் 7). தோற்றவனிடம் உடனே மைக் நீட்டுவது (எண் 1).

"நீங்க எழுதறதைப் படிக்கறதுக்குன்னு அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திண்டிருக்கானாக்கும்," என்றாள் என் மனைவி சூடாமணி. ஆனாலும் தபால்தலையை ஒட்டிக் கொடுத்தாள்.

11 அக்டோபர், சனிக்கிழமை

1–1. திரையில் மூலையிலிருந்த சிறு கட்டத்துக்குள் நான்கு விநாடி மட்டும் தெரிந்தது: சுஜித் காற்றில் முழு நீளமும் படுத்து, பந்தை ஒற்றைக் கையால் தள்ளினான். மனித உடல் அப்படி நீளுமா? எழுபத்தாறு வயதில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதை நேசமணியிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறையும் அவர் கை தானாக நீண்டது.

18 அக்டோபர், சனிக்கிழமை. ஐப்பசி முதல் நாள்

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

71-வது நிமிடம். பந்து ஸ்டாச்சுவில் இருந்தது. அந்நேரத்தில் திரை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் கேலரியில் அமர்ந்திருந்த நடிகர் தம் புதுப் படத்தைப் பற்றிப் பேசினார், மறுபக்கம் பெயின்ட் விளம்பரம். வர்ணனையாளர்களும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். திடீரென்று பேரிரைச்சல். கோல், நமக்கு! பிறகாவது காட்டினார்களா? அடித்தவன் முகம், பயிற்சியாளர் முகம், நடிகர் துள்ளியது. பந்து எப்படிப் போயிற்று என்பதை ஒருமுறைகூடக் காட்டவில்லை.

நேசமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எப்படிப் போச்சு? சொல்லும் வேய்," என்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

சொன்னேன். ஸ்டாச்சுவிலிருந்து தனியாக ஓடினான், பாளையத்தில் இருவரைத் தாண்டினான், இடது காலால் மூலையில் வைத்தான் என்றேன். எங்கிருந்து வந்தது எனக்கு அந்த இடது கால்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு 'காணவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"சரி," என்றார். பிடி தளர்ந்தது. மிச்ச ஆட்டத்தில் அவர் எதுவும் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் அதையே பென்சிலால் எழுதியிருக்கிறேன். பேனா எடுக்கத் தைரியம் வரவில்லை.

19 அக்டோபர், ஞாயிறு

பத்திரிகையில் வந்துவிட்டது. கார்னர் உதை; தடுப்பாட்டக்காரன் தலையால் முட்டியது. இதை ராஜமணி அம்மாள் காலையில் அவருக்கு வாசித்திருப்பார்.

நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

22 அக்டோபர், புதன்

நேசமணியின் வீட்டுக்குப் போனேன். செருப்புச் சத்தத்திலேயே என்னை அறிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

"பேப்பர் கேட்டு அறிஞ்சதில்ல வேய். அப்பவே மனசிலாச்சு. ஓடுற வண்டிக்கு ஒரு சத்தம், ஸ்டாப்புல நிக்கிற வண்டிக்கு வேற சத்தம். அன்னைக்குக் கேலரில மேளம் நின்னுது, பெறவுதான் ஆரவாரம். அது நின்ன பந்து. நீரு ஓடி வந்தான்னு சொன்னீரு."

டி.வி.க்காரர்கள் காட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அவர்கள் காட்டாமல்தான் விட்டார்கள். காணாததைச் சொன்னவன் நான்.

"எனக்கு இருக்கறது உம்ம கண்ணு ஒண்ணுதான். அதும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

திரும்பிவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன். நான் குடையை மறந்தது 2009-க்குப் பின் இதுவே முதல் முறை.

25 அக்டோபர், சனிக்கிழமை

5.10 ஆயிற்று. ஆட்டோ வரவில்லை. ஒலியை நிறுத்திவிட்டுத் தனியாகப் பார்த்தேன். 'பாளையம்' என்று என்னையறியாமல் ஒருமுறை உரக்கச் சொன்னேன். சூடாமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

27 அக்டோபர், திங்கள்

நேசமணிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை ஸ்டேடியத்துக்கு நேரிலேயே போகலாம், காணாததைக் காணவில்லை என்றே சொல்வேன் என்றேன்.

"அங்க படி எத்தனை உண்டு?" என்றார்.

"தெரியாது."

"அப்ப எண்ணீட்டு வந்து சொல்லும்."

28 அக்டோபர், செவ்வாய்

எண்ணினேன். காவலர் உள்ளே விடத் தயங்கினார். காரணத்தைக் கேட்டதும் கூடவே வந்து அவரும் எண்ணினார். ஏற இருபத்தாறு, இறங்கப் பதினைந்து. மொத்தம் நாற்பத்தொன்று. நேசமணிக்குத் தெரிவித்தேன். வருகிறார்.

பென்சிலில் எழுதியதை அழித்தேன். மையால் எழுதினேன்: 'காணவில்லை.'

1 நவம்பர், சனிக்கிழமை

ஸ்டேடியத்துக்குள் நான் கால் வைத்துப் பதினான்கு ஆண்டுகள். தூசி, தள்ளுமுள்ளு, கழிப்பறை என்று காரணங்கள் வைத்திருந்தேன். எவ்வளவு அற்பமான காரணங்கள்!

படியேறி நின்றதும் முழு மைதானமும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்தது. யாரும் எனக்காக அதை வெட்டித் தரவில்லை. பந்து எங்கோ இருக்க, பந்தில்லாதவர்கள் ஓடும் ஓட்டம்தான் ஆட்டம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. இருபத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் விரிந்து சுருங்கினார்கள். ஐப்பசி மழையான துலாவர்ஷத்தின் மேகம் மலைமேல் திரள்வதைப் பல ஆண்டுகள் அலுவலக மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அதே நடுக்கம்.

இரண்டாம் பாதியில் கிழக்கேகோட்டை எங்கள் முன்னாலேயே வந்தது. வலைக்குப் பின்னால் ஆறாவது வரிசை. பந்து பட்டத்தில் இருக்கும்போது சுஜித் என்ன செய்கிறான் என்பதை இத்தனை நாள் எவரும் எனக்குக் காட்டியதில்லை. ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நடக்கிறான், இரண்டையும் தொடுகிறான், தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்கிறான். நேசமணியிடம் சொன்னேன். "நானும் தொடுவேன்," என்றார், வெகு மெதுவாக.

88-வது நிமிடம். 1–0 என்று முன்னணியில் இருந்தோம். எதிரணி ஓவர்பிரிட்ஜை நெருங்கிற்று. சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருவன் காலை ஓங்கினான். அந்தக் கணத்தில் முன்வரிசை முழுவதும் போன்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. முதுகுகள் மட்டுமே தெரிந்தன. மொத்தக் கூட்டமும் மூச்சை அடக்கியிருந்தது.

"நேசமணி, நான் பாக்கலை ஓய். மறைச்சுட்டா."

அவர் என் தோளில் கை வைத்தார்.

"நான் சொல்லுகேன், கேளும். ரெண்டு சத்தம். முதல்ல தோலு, பெறவு இரும்பு. வலப் பக்கம். விரல் நுனில தட்டிக் கம்பத்துல அடிச்சுட்டான் வேய். பந்து வெளிய."

முன்வரிசை உட்கார்ந்தது. பந்து வெளியே கிடந்தது. சுஜித் வலக் கம்பத்தின் அடியில் கிடந்து வலக்கை விரல்களை நீவிக்கொண்டிருந்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதும்போதும்.

ஆட்டம் முடிந்ததும் மைக் அவனை நோக்கி ஓடியது. கேலரி முழுவதும் "விடெடா அவனெ" என்று கத்திற்று. நானும் கத்தினேன், மலையாளத்தில், மரியாதையில்லாமல். அவன் மைக்கைக் கடந்து வந்து, கம்பத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனான்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நேசமணியும் பேசவில்லை. கரமனைப் பாலம் தாண்டியது.

"அடுத்த சனிக்கிழமையும் அதே நாப்பத்தொண்ணு படிதானே வேய்?"

என் குடையை அவர் மடியில் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

2 நவம்பர், ஞாயிறு

பத்திரிகையை இன்னும் பிரிக்கவில்லை. டி.வி.யில் மறுஒளிபரப்பு காலை பத்துக்கு, பார்க்கவில்லை.

குறிப்பேட்டில் மையால்:

நிமிடம்: 88. ஆள்: சுஜித். எப்படி: வலக்கை விரல் நுனி, பிறகு கம்பம். கண்டவர்: நேசமணி.