கோரினுடன் போகப்போவது யார்

வடக்கு டகோட்டா
ஏப்ரல் 3

அன்புள்ள டார்லீன்,

உன் முதுகுவலி குறைந்ததா? கோரின் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் பனி இன்னும் விட்டபாடில்லை. மற்றபடி நான் நலம்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு அழைக்கும் நாளுக்கு எப்படி லீவு கேட்கலாம், எந்த வழியில் போகலாம், எங்கே தங்கலாம் என்றெல்லாம் யோசித்து வைத்துத்தான் ஞாயிறன்று நம் மகளைப் போனில் கூப்பிட்டேன்.

"அப்பா, வேட் சித்தப்பா எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாரு. என்னையும் அம்மாவையும் அவரே கார்ல கூட்டிட்டுப் போறாராம். உங்களுக்குத்தான் லீவு இல்லையே" என்றாள்.

"ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ராய்ஸ் கேட்டான்: "என்னடா, மூஞ்சி தொங்குது? பொண்ணுக்கு இடம் கிடைக்கலையா?"

"கிடைச்சிருச்சு. என் தம்பி கூட்டிட்டுப் போறான்."

"அப்போ வயித்தெரிச்சல்னு சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. வேட் நல்லவன். அதனால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது.

பின்சீட்டில் உட்கார்ந்தால் கோரினுக்குக் குமட்டும். அது வேடுக்குத் தெரியாது. அவளை முன்னால் உட்கார வை. அங்கே அவள் தங்கிப் படிக்கப்போகும் விடுதி அறையின் ஜன்னல் சரியாக மூடுகிறதா என்று பார். அவள் எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று எனக்கு எழுது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். இன்னும் ஒன்றே ஒன்று. அங்கே பெற்றோர்களை எழுந்து நிற்கச் சொன்னால், வேடின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் எழுந்து நில்.

உன்,
க்ளின்ட்